குறைமாவு உணவுமுறையில் இருக்கும் முதியவருக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? அளவைக் கணக்கிடுவது முதல் மறுபரிசோதனை வரை

என் தாயார் தம் எழுபத்திரண்டாம் வயதில், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதற்காக மாவுச்சத்தைக் குறைத்த உணவுமுறைக்கு மாறினார். நான்கு மாதங்களில் எடை 61 கிலோவிலிருந்து 55 கிலோவாக இறங்கியது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒரு நாள் மாலை அவர் நாற்காலியிலிருந்து எழுவதைத் தற்செயலாகக் கவனித்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் நாற்காலியின் கைகளில் ஊன்றி, முன்னால் சாய்ந்து எழ முயன்று, முடியாமல் மீண்டும் உட்கார்ந்து, இரண்டாம் முறைதான் எழுந்தார். குறைந்த ஆறு கிலோவில் கொழுப்பு மட்டும் போகவில்லை, தொடைத் தசையும் சேர்ந்து கரைந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் சரியான அளவைத் தேடி அலைந்ததில் மூன்று மாதங்கள் போயின. புரதத்தைக் கூட்டினால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார் ஒருவர். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அளவைச் சொல்லாமல் ஒரு மாவு டப்பாவைக் கையில் கொடுத்தார். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்காகச் செய்தாலும், வீட்டிலுள்ள பெரியவருக்காகச் செய்தாலும் இதே வரிசைதான்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மாவுச்சத்தைக் குறைக்கும்போது புரதமும் நம் கவனத்துக்கு வராமலேயே குறைகிறது. ஒரு துண்டு ரொட்டியில்கூட ஏறக்குறைய 3 கிராம் புரதம் உண்டு. நாள் முழுதும் உண்ட தானியத்தை நிறுத்தினால் அதிலிருந்த புரதமும் நின்றுவிடும். அந்த இடத்தை வெண்ணெயும் பாலேடும் நிரப்பினால் வயிறு நிறையுமே தவிர புரதம் சேராது. போதாததற்கு, உணவில் மாவுச்சத்து குறைந்த முதல் சில வாரங்களில், தேவையான குளுக்கோசில் ஒரு பகுதியை உடல், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களிலிருந்தே உருவாக்கிக்கொள்கிறது. உணவில் புரதம் போதாவிட்டால் அந்த அமினோ அமிலங்கள் தசையிலிருந்துதான் வரும்.

1. முதலில் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

மருத்துவரிடம் போகும்போது ஒரே உறையில் இவை இருக்கட்டும்: இரத்தக் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு), அதிலிருந்து கணக்கிடப்படும் சிறுநீரக வடிகட்டும் திறன் (அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். என்று இருக்கும்), சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அன்றாடம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள், ஓராண்டுக்கு முன்பு இருந்த எடை. சிறுநீரகத் திறனைப் பொறுத்தவரை ஒரே ஓர் அறிக்கையை வைத்து முடிவெடுக்க முடியாது. குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்வார்கள் என்பதால் பழைய அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். கிரியாட்டினின் பார்ப்பது செலவு குறைந்த பரிசோதனை. சிறுநீர் ஆல்புமின் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள், ஏனெனில் கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீரகப் பாதிப்பை அது காட்டிக்கொடுக்கக்கூடும். அந்த விகிதம் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாவது. தசை மெலிந்த முதியவருக்கு அது குறைவாகவே உண்டாகும், அதனால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் நன்றாகவே தோன்றும். மிக மெலிந்தவர் என்றால், தசையின் அளவைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அதற்குச் செலவு கூடுதல், எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. எதிர்மாறான பொறியும் உண்டு: பரிசோதனைக்குச் சற்று முன்பு இறைச்சி நிறைய உண்டால் கிரியாட்டினின் தற்காலிகமாக ஏறிக் காட்டும்.

2. மருந்துகளைப் பார்க்காமல் ஒரு வேளை உணவைக்கூட மாற்றாதீர்கள்

இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ உட்கொள்பவர் மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். முதியவருக்கு அது விழுவதிலும் எலும்பு முறிவதிலும் போய் முடியலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மருந்துகளில் வேறோர் ஆபத்து இருக்கிறது. மாவுச்சத்து மிகவும் குறைந்தால், சர்க்கரை அளவு பெரிதாக உயராமலேயே இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இம்மருந்து உட்கொள்பவர், மருத்துவரிடம் பேசுவதற்கு முன் இந்த உணவுமுறையைத் தொடங்கவே கூடாது.

இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் உட்கொள்பவருக்கு முதல் வாரங்களில் உடலிலிருந்து நீரும் உப்பும் கூடுதலாக வெளியேறுவதால் எழும்போது தலை சுற்றலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்பவர் கீரையைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேலை மாறும். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா உட்கொள்பவருக்குப் புரதமும் அம்மருந்தும் குடலில் ஒன்றோடொன்று போட்டியிடும், ஆகவே மருந்துக்கும் உணவுக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றில் எதையும் நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

3. உங்கள் அளவைக் கணக்கிடுங்கள்

பொதுவாகச் சொல்லப்படும் அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம். பற்றாக்குறை வராமல் காப்பதற்காக எல்லா வயதினருக்கும் பொதுவாக வகுத்த அளவு அது. முதியவரின் தசையைக் காக்க அது போதாது என்று, புராட்-ஏஜ் என்ற பன்னாட்டு வல்லுநர் குழு 2013-இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. 65 வயதைத் தாண்டிய நலமான ஒருவருக்கு ஒரு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். நோயுற்றிருப்பவருக்கும் நோயிலிருந்து தேறி வருபவருக்கும் 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். குறைமாவு உணவுமுறையில் எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது, சிறுநீரகம் நன்றாக இருப்பவர் குறைந்தது 1.2-ஐப் பிடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

55 கிலோ எடையுள்ளவருக்கு 55 × 1.2 = 66 கிராம். கணக்கு இவ்வளவு எளிதுதான், ஆனால் எந்த எடையை எடுப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். உடல் மிகப் பருத்தவர் தம் முழு எடையை வைத்துப் பெருக்கினால் அளவு தேவைக்கு மேல் போய்விடும். அவருக்கு இப்படிச் செய்யுங்கள்: உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதே எண்ணால் பெருக்கி, வரும் எண்ணை 24-ஆல் பெருக்குங்கள். இது உயரத்துக்கு ஏற்ற எடை. உண்மையான எடையில் இதைக் கழித்து, மிச்சத்தில் கால் பங்கை மட்டும் இதனுடன் கூட்டுங்கள். 1.6 மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு ஏற்ற எடை ஏறக்குறைய 61 கிலோ. மிச்சமுள்ள 29 கிலோவில் கால் பங்கு ஏறக்குறைய 7 கிலோ. ஆகக் கணக்குக்கு எடுக்க வேண்டிய எடை 68 கிலோ, நாளொன்றுக்குப் புரதம் ஏறக்குறைய 82 கிராம்.

சிறுநீரக நோய் உள்ளவர் இந்தப் பத்தியை மட்டும் இருமுறை படியுங்கள். வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இருந்து, டயாலிசிஸ் செய்துகொள்ளாதவர் தாமாகப் புரதத்தைக் கூட்டவே கூடாது. திறன் 30-க்கும் 60-க்கும் இடையில் உள்ளவருக்குப் பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல் பொதுவாகச் சொல்வது 0.8 கிராம். நோய் முற்றும் அபாயம் உள்ளவர் 1.3-ஐத் தாண்டக் கூடாது என்றும் அது எச்சரிக்கிறது. ஆனால் உடல் தளர்ந்து தசை மெலிந்த முதியவருக்குச் சற்றுக் கூடுதல் அளவைக் கருதலாம் என்று அதே வழிகாட்டுதல் இடமும் தருகிறது. அந்த முடிவைச் சிறுநீரக மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு நிலைமை தலைகீழ்: புரதம் வெளியேறுவதால் 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு 1.2 கிராம் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. அந்த அச்சத்தால்தான் நாங்கள் இரண்டு மாதங்களை வீணாக்கினோம்.

4. இப்போது எவ்வளவு உண்கிறார் என்று மூன்று நாள் எழுதுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், பரிசோதனைகளைத் தவிர இந்த முயற்சியில் தவிர்க்க முடியாத செலவு அது ஒன்றுதான். மூன்று நாள், அதில் ஒரு விடுமுறை நாளும் சேர்த்து, வாய்க்குள் போனதை எல்லாம் எடைபோட்டு எழுதுங்கள். தட்டில் வைத்ததை எழுதினால் போதாது, மீதி வைத்ததைக் கழிக்க வேண்டும்.

என் தாயாரின் ஒரு நாள் குறிப்பு இது: காலையில் ஒரு முட்டை, 6 கிராம். மதியம் காய்களுடன் சிறு துண்டு மீன், சமைத்த எடையில் 50 கிராம், அதில் புரதம் 11 கிராம். மாலையில் ஒரு கைப்பிடி பாதாம், 6 கிராம். இரவில் காய்ச் சூப்பும் 100 கிராம் தயிரும். தயிரில் 4 கிராம், அன்று உண்ட காய்கள் எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராம். மொத்தம் 32 கிராம். வேண்டியது 66. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார், முட்டையும் மீனும் உண்டு என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு, பாதிகூட இல்லை என்று அந்தத் தாள்தான் காட்டியது.

எழுதும்போது நேரும் தவறுகள் இரண்டு. உணவின் எடையையே புரதத்தின் எடையாக எழுதிவிடுவது முதலாவது. 100 கிராம் கோழி என்றால் 100 கிராம் புரதம் இல்லை, சமைத்த கோழி நெஞ்சுக்கறியிலேயே ஏறக்குறைய 30 கிராம்தான். பச்சை எடையையும் சமைத்த எடையையும் குழப்பிக்கொள்வது இரண்டாவது. 100 கிராம் பச்சை இறைச்சி சமைத்தபின் ஏறக்குறைய 70 முதல் 75 கிராமாகச் சுருங்கும். எந்த எடைக்கு உரிய அட்டவணையைப் பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

5. வேளைக்கு வேளை பிரியுங்கள்

மொத்த அளவு சரியாக இருந்தும் பலன் கிடைக்காமல் போவது இந்த இடத்தில்தான். வயதான தசை, புரதம் வந்ததும் இளம் தசையைப் போல் உடனே விழித்துக்கொள்வதில்லை. ஒரே வேளையில் இளைஞருக்கு எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 0.24 கிராம் புரதம் போதும், முதியவருக்கு 0.4 கிராம் வரை வேண்டும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது வேளைக்கு 24 கிராம். காலையில் 6, மதியம் 11 என்று துளித்துளியாகப் போவது தசையைத் தூண்டப் போதுமானதாக இருப்பதில்லை. வேளைக்கு 25 முதல் 30 கிராம் என்று வைத்துக்கொண்டு மூன்று வேளைக்குப் பிரியுங்கள்.

பெரும்பாலோருக்கு ஓட்டை விழுவது காலை உணவில்தான், ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டு முட்டையும் 150 கிராம் நீர் வடித்த கெட்டித் தயிரும் சேர்ந்தால் ஏறக்குறைய 26 கிராம் ஆகிவிடும், மாவுச்சத்தும் மிகக் குறைவு. மதியம் சமைத்த மீனோ கோழியோ 100 கிராம் எடுத்தால் 22 முதல் 30 கிராம் வரை கிடைக்கும். இரவில் 150 கிராம் கெட்டியான டோஃபுவும் (சோயாப் பாலில் செய்த கட்டி) ஒரு தம்ளர் பாலும் அதே அளவை எட்டும். தட்டில் முதலில் புரதத்தை உண்ணச் சொல்லுங்கள். பசி குறைந்தவர் காய்களில் தொடங்கினால் மீன் துண்டு வரும்போது கையை மடக்கிவிடுவார். வரிசையை மாற்றியதும் என் தாயார் மீதி வைப்பது பாதியாகக் குறைந்தது.

நாளில் ஒரு வேளை அல்லது இரு வேளை மட்டும் உண்ணும் விரதமுறையைக் குறைமாவு உணவுமுறையோடு சேர்த்துச் செய்பவர்கள் பலர். எழுபதைக் கடந்தவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 70 கிராம் புரதத்தை ஒரே வேளையில் உண்ணும் பசி அந்த வயதில் பெரும்பாலும் இருப்பதில்லை.

6. எதிலிருந்து எடுப்பது

முட்டை, மீன், இறைச்சி, பாலாடைக்கட்டி, கெட்டித் தயிர், டோஃபு ஆகியவை மாவுச்சத்தைக் கூட்டாமல் புரதம் தருபவை. பருப்பும் பயறும் மட்டுமே உண்பவர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். வேகவைத்த மசூர்ப் பருப்பு 100 கிராமில் புரதம் 9 கிராம், மாவுச்சத்து 20 கிராம். ஒரு வேளைக்கு 27 கிராம் புரதம் வேண்டுமென்றால் 60 கிராம் மாவுச்சத்தும் கூடவே வரும். நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே மாவுச்சத்தை வைக்க நினைப்பவருக்கு இது ஒத்துவராது. சைவ உணவு மட்டும் உண்ணும் முதியவர் அவ்வளவு கடுமையான வரம்பை விட்டுவிட்டு, 100 முதல் 130 கிராம் வரை மாவுச்சத்தை அனுமதித்து, பாலும் சோயாவும் பயறும் கலந்து உண்பதே தசைக்குப் பாதுகாப்பு. சர்க்கரை சற்று மெதுவாகக் குறைந்தால் பரவாயில்லை, தசை போனால் மீட்பது கடினம்.

பாதாம் போன்ற கொட்டைகளைப் புரத உணவென்று எண்ணாதீர்கள். ஒரு கைப்பிடியில் 6 கிராம்தான், மிச்சம் பெரும்பாலும் கொழுப்பு. எலும்புச் சூப்பும் கொலாஜன் மாவும் ஏமாற்றக்கூடியவை: கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை, தசையைத் தூண்டும் லூசினும் குறைவு. மூட்டுக்காக எடுப்பவர் எடுக்கலாம், நாள் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

புரத மாவு எல்லோருக்கும் தேவையில்லை. பசியே இல்லாதவருக்கும், மெல்ல முடியாதவருக்கும், அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறுபவருக்கும் அது உதவும். வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு கரண்டியில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்தபின், டப்பாவின் விலையை அதிலுள்ள மொத்தப் புரதக் கிராமால் வகுத்துப் பாருங்கள். முட்டைக்கும் பாலுக்கும் அதே வகுத்தலைச் செய்யுங்கள். முதியோருக்கென்று தனியாக விற்கப்படும் சில சத்துமாவுகளில் புரதத்தைவிடச் சர்க்கரையே கூடுதல் என்பது அப்போது தெரியும்.

7. மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள்

32 கிராமிலிருந்து 66 கிராமுக்கு ஒரே நாளில் தாவினால் வயிறு உப்பி, இரண்டாம் நாளே உணவின் மேல் வெறுப்பு வந்துவிடும். முதல் வாரம் காலை உணவை மட்டும் சரிசெய்யுங்கள், இரண்டாம் வாரம் மதியம், மூன்றாம் வாரம் இரவு. மலச்சிக்கல் வந்தால் புரதத்தைக் குறைப்பதற்கு முன் நாரும் நீரும் போதுமா என்று பாருங்கள். வயதானால் தாகம் மங்கிவிடுவதால், குடிக்கும் நீரை அளந்து வைப்பது உதவும். ஆனால் இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீர்க் கட்டுப்பாடு உள்ளவர் அந்த வரம்பை மீறக் கூடாது.

பல்லைச் சோதியுங்கள். என் தாயார் இறைச்சி பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொய்ப்பல் தளர்ந்து ஈறு புண்ணாகி இருந்தது என்பதை நான் அறிய ஆறு வாரம் ஆயிற்று. விழுங்கும்போது புரையேறுகிறது என்றால் அதற்குத் தனியாக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

8. தசைக்கு வேலை கொடுங்கள்

உண்ட புரதம் தசையாக மாற, தசைக்கு எடை தாங்கும் வேலை வேண்டும். 65 வயதைக் கடந்தவர் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே தொடக்கத்துக்குப் போதும். நடைப்பயிற்சி மட்டும் தசையைப் பெருக்காது. படுக்கையில் கிடப்பதன் கேடும் தெரிந்திருக்கட்டும்: நலமான முதியவர்கள் பத்து நாள் படுக்கையிலேயே இருந்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பல்லாத திசு குறைந்தது. காய்ச்சலோ மருத்துவமனை வாசமோ வந்தால், எடை குறைக்கும் முயற்சியை அத்துடன் நிறுத்திவைத்துப் புரதத்தை மட்டும் காப்பாற்றுங்கள்.

9. எப்போது, எதை மீண்டும் பார்ப்பது

வாரம் ஒருமுறை ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். மாதம் ஒருமுறை நாற்காலிச் சோதனை செய்யுங்கள். சுவரோடு ஒட்டிப் போட்ட, கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ஐரோப்பிய வல்லுநர் குழு 15 விநாடிக்கு மேல் போனால் தசை வலுக்குறைவு இருக்கலாம் என்கிறது, ஆசிய வல்லுநர் குழு 12 விநாடி ஆனாலே கவனிக்கச் சொல்கிறது. கைகளைக் கட்டிக்கொண்டு எழவே முடியாவிட்டால் அதையும் அப்படியே எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் நோட்டில் முதல் மாதம் 'முடியவில்லை' என்று இருக்கிறது. மூன்றாம் மாதம் 21 விநாடி, ஆறாம் மாதம் 14.

இரத்தப் பரிசோதனையையும் சிறுநீர் ஆல்புமினையும் மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். முதல் அறிக்கையின் நகலோடு சேர்த்து அதே உறையில் வையுங்கள். எடை நின்று, விநாடி குறைந்து, சிறுநீரக எண்கள் மாறாமல் இருந்தால் அதே அளவைத் தொடரலாம், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முயலாமலேயே ஆறு மாதத்தில் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, எழும்போது கண் இருட்டினாலோ அடுத்ததாகக் குறித்திருக்கும் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.